கடைசியாக வந்தது நான்தான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுதிக்கொண்டே இருக்கும்போது மனது எங்கோ போய்விடும். திரும்பி வரும்போது சொல்ல வந்தது மறந்திருக்கும். பேசச் சொன்னால் அதைவிட மோசம், நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டம் மலேசியாவில், மலாக்கா லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரப்பரெல்லாம் போய் இப்போது செம்பனை. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் சாலை வழியாக நெடுந்தூர ஓட்டம் ஒன்று போகும். முன்பெல்லாம் நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஓடுகிறவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் பிளாஸ்டிக் கப்பைப் போகிற போக்கில் வீசுவார்கள். மெதுவாக வருகிறவர்களை, நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு லோரி பின்னாலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு வருஷம் அந்தக் கப்புகளைத் தின்று ஒரு மாடு வயிறு உப்பிக் கிடந்தது. என் ஓரகத்தியின் மாடு. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி அவள், அடுத்த வீடு. மாட்டைப் பார்க்க லயத்து வீடெல்லாம் திரண்டு வந்தது. பிழைத்தும் கொண்டது. அதற்கு முந்தின வருஷம் என் ஆடு செத்தபோது ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் எல்லாம் அப்படி அமையும்.

அந்த மாட்டுக்கு அப்புறம்தான் ஓட்டம் நடத்துகிறவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். வந்தது ஒரு பெண், மலாக்கா டவுனில் பல் டாக்டர். கோயில் மண்டபத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினாள்.

"இனிமே பிளாஸ்டிக் கப் கிடையாது ஆன்ட்டி. அவங்கவங்க சொந்தக் கப்ப எடுத்துட்டு வரணும். மறந்துட்டு வர்றவங்களுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

கோயிலில் அன்னதானத்துக்கு வாங்கின எவர்சில்வர் டம்ளர்கள் சும்மா கிடக்கின்றனவே என்று நான் என் ஓரகத்தியின் காதில் சொன்னேன். அவள் உடனே ஊருக்கே கேட்கிற மாதிரி, "கோயில் டம்ளர் இருக்குலா! நாங்க தர்றோம்!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "இந்தத் தடவ லோரியும் கிடையாது. எவ்ளோ நேரம் ஆனாலும் நடந்தே வரலாம். வயசானவங்க, கண்ணு தெரியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்க, யாரா இருந்தாலும் சரி. சேலையோட வாங்க, பாஜு குரோங்கோட வாங்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நாங்க முடியிற கோட்டுலயே நிப்போம். யாரெல்லாம் நடக்குறீங்க?"

எத்தனையோ வருஷம் விடியுமுன்னே ரப்பர்ப் பால் வாளியோடு மரம் மரமாக நடந்த கால்கள் இவை. ஒரு நாளாவது நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு, நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும் என்று அப்போதுதான் ஆசை வந்தது. மடியில் இருந்த கையைக் கொஞ்சம் தூக்கினேன். அதற்குள் பக்கத்தில் வளையல் சத்தத்தோடு என் ஓரகத்தியின் முழுக்கை மேலே போனது.

"நான் வர்றேம்மா!"

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பாட்டி, நீங்க?" என்று கேட்டாள். அவள் ஆன்ட்டியாம், நான் பாட்டியாம். எங்களுக்குள் வயதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் என் ஓரகத்தி, "அக்கா வராதும்மா. நாலு பேரப் பாத்தாலே அதுக்கு வேர்த்துடும். அக்கா டம்ளர் கழுவட்டும், அதுல அத அடிச்சிக்க ஆளே கிடையாது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புக்கிட் காத்தில் ஊரில் இருக்கும் அவள் மகள் அவளுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கி வந்தாள். தினமும் சாயங்காலம் ஓரகத்தி அதைப் போட்டுக்கொண்டு என் சன்னலோரமாக நடந்து பழகினாள். "அக்கா, இன்னிக்கு ஆபீஸ் வரைக்கும் போயிட்டேன்!" என்பாள். "அப்படியா" என்பேன். மறுநாள் விடியலில் யாரும் எழுந்திருக்குமுன் நான் ஆபீசையும் தாண்டிப் பாலம் வரைக்கும் போய்விட்டு வந்து தேத்தண்ணி கலக்குவேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அவளே கலகலவென்று ஊருக்குச் சொல்லிவிடுவாள்.

ஓட்டத்தன்று பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். வேகக்காரர்கள் முதலில் வந்தார்கள். ஒரு சீனப் பையன் பழக்க தோஷத்தில் டம்ளரை வீசிவிட்டு ஓடினான். அது கலகலவென்று உருண்டு புல்லில் விழுந்தது. "டேய் தம்பி! கோயில் டம்ளர்டா அது!" என்று எங்கள் பெண்கள் கத்தினார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் தெரிந்திருக்கும். திரும்பி ஓடி வந்து பொறுக்கி, இரண்டு கையாலும் தொட்டியில் போட்டு, "சோரி ஆன்ட்டி, சோரி" என்றான். அதற்கப்புறம் வந்தவர்கள் ஒருவரும் வீசவில்லை.

வெயில் ஏறினபோது மெதுவாக வருகிறவர்கள் வந்தார்கள். இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. காவடி வந்தாலும் ரதம் வந்தாலும், தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் பெண்கள் காலையிலேயே ஒரு பெரிய தோம்பு நிறையத் தண்ணீர் பிடித்து மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கலக்கி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று அந்த டாக்டர் பெண் சொல்லவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? 

முதலில் இரண்டு மலாய்க்கார அம்மாக்கள் வந்தார்கள். சிலிப்பர்தான் போட்டிருந்தார்கள், அதனால் தண்ணீர் பட்டதும் குளுகுளுவென்று இருக்கிறது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்கள். வீல்சேரில் வந்தவர் தானாகவே காலை நீட்டி, "எனக்கும் ஊத்துங்க, நானும்தான நடந்து வர்றேன்!" என்றார். பந்தலே சிரித்தது. அப்புறம் வந்தாள் என் ஓரகத்தி. நெஞ்சில் நம்பர், தலையில் கனகாம்பரம். நம்ம ஆள் என்பதால் அவளுக்கு மட்டும் வாளி வாளியாக ஊற்றினார்கள். வெள்ளைச் சப்பாத்து மஞ்சளாகி, நடக்கும்போது சளக் சளக் என்றது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு டாக்டர் பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள். கடைசி ஆளுக்குப் பின்னால் குப்பை பொறுக்கிக்கொண்டு வர வேண்டியவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டதாம். "பாட்டி, நீங்க மெதுவா நடந்து வருவீங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். ஒரு கோணியும் இடுக்கியும் கொடுத்தாள். நம்பர் கொடுக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், சின்ன மதகின் மேல் என் ஓரகத்தி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்தில் உரசி இரண்டு குதிகாலிலும் தோல் கிழிந்திருந்தது.

"எந்தப் பாவிக்கா அவ்ளோ தண்ணி ஊத்துனது? என்னால முடியாதுக்கா. அந்தப் பொண்ணுகிட்ட கார் அனுப்பச் சொல்லு, அதுல போயிடுறேன்."

அந்த நம்பர் அவள் நெஞ்சில் காற்றில் படபடத்தது. ஊக்கைக் கழற்றினால் போதும். 'அதை எனக்குக் கொடு' என்று தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். என் சிலிப்பரைக் கழற்றி அவள் முன்னால் போட்டேன்.

"போட்டுக்க."

"நீ?"

"எனக்கென்ன, புல்லுல நடந்துக்கிறேன். எந்திரி."

பாசத்தால் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் காரில் போனால் மாட்டைப் பார்க்க வந்த மாதிரி ஊரே அவள் காலைப் பார்க்க வந்திருக்கும். அதற்கு இவள் நடந்தே போகட்டும் என்று நினைத்தேன்.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே போனாள். நான் ஓடுகிறவர்கள் உறிஞ்சிப் போட்ட இனிப்புக் கூழ்ப் பாக்கெட்டுகளையும் வாழைப்பழத் தோலையும் பொறுக்கிக்கொண்டே போனேன். "வாக்கா, சேந்து போவலாம்" என்று நின்றாள். "நீ போ. நான் கடைசியாத்தான் வரணும், அதான் வேல" என்றேன்.

ஓட்டம் முடிகிற பள்ளித் திடலில் சொன்னபடியே எல்லோரும் கோட்டில் நின்றிருந்தார்கள். முதலில் வந்த சீனப் பையன்கூடப் போகவில்லை. "கடைசி ஆள் வந்துட்டாங்க! கடைசி ஆள்!" என்று மைக்கில் கத்தினார்கள். உறுமி மேளம் அடித்தார்கள். என் சிலிப்பரோடு என் ஓரகத்தி கோட்டின் மேல் கட்டின வளைவுக்குள் போனாள். மெடல் போட்டார்கள்; பித்தளை இல்லை, வெட்டிப் போட்ட ரப்பர் மரத்தில் செதுக்கினது. நான் ஆயுசு முழுக்கச் சீவின மரம் அவள் கழுத்தில் தொங்கியது.

நான் வளைவுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டேன். அத்தனை முகங்கள். வேலியோரமாகச் சுற்றிப் போய்க் கோணியைக் குப்பைத் தொட்டியருகே வைத்தேன். அதற்குள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். டாக்டர் பெண் வாழையிலையில் மீகூன் சேமியா கொண்டுவந்து, "ரொம்ப கிளீனா பண்ணிட்டீங்க பாட்டி" என்றாள்.

அந்த மெடல் இப்போது என் ஓரகத்தி வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. யார் வந்தாலும், "கடைசியா வந்ததுக்கே எனக்கு எவ்ளோ மரியாத பாத்தீங்களா!" என்கிறாள். என் சிலிப்பரை இன்னும் திருப்பித் தரவில்லை. ராசியானதாம்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். எவ்வளவு தூரம் நடந்தோம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மலாய்க்கார அம்மாக்கள் முதலில் வந்தார்களா, வீல்சேர்க்காரர் முதலில் வந்தாரா என்பதும் இப்போது குழம்புகிறது. அங்கே இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லவும். கூடவே இதையும் பார்க்கவும்: நம்பர் இல்லாமல், வளைவுக்குள் நுழையாமல் வேலியோரமாக வந்தாலும் வந்தது வந்ததுதானே? அப்படியென்றால் மைக்கில் சொன்னது தப்பு. அன்றைக்கு என் ஓரகத்திக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது. அவளிடம் மட்டும் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம்.