பாணந்துறையில் ஏழு வாரம்

கொட்டாரத்துக் கோமளவல்லிக்கு ஏழு வயதில் தாய் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னியதும், சடங்கு கழித்ததும், அடுத்த தெருவில் பள்ளிக்கூட வாத்தியாராயிருந்த முத்துநாயகத்துக்குக் கட்டிக்கொடுத்ததும் அவள் மைனி என்று கூப்பிடும் அண்ணன் மனைவி அழகியநாயகிதான். அண்ணன் பகவதியப்பன் இலங்கையில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். வயலையும் ஒரே மகள் வடிவையும் மைனிதான் பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாம் வருடம் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அண்ணன் கோமளத்துக்கு எழுதியிருந்தார். மைனிக்கு அழைப்பில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“விதைப்பு நேரத்துல நான் எங்க வர? நீ போயிட்டு வாட்டி. உங்க அண்ணன் மெலிஞ்சிருக்காவளா, நேரத்துக்குத் தின்னுகாவளா, எல்லாம் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு” என்றாள்.

திருநெல்வேலியில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, இரண்டு பிள்ளைகளும் வாந்தியெடுத்து, மூன்றாம் நாள் பாணந்துறை போய்ச் சேர்ந்தார்கள். வீடு கடலைப் பார்த்து, தென்னைகளுக்கு நடுவில் இருந்தது. வாசலில் ஒரு சிங்களப் பெண் நின்றாள். அவள் இடுப்பிலிருந்த மூன்று வயதுப் பெண்குழந்தை கோமளத்தைப் பார்த்து, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல, “அத்தே” என்றது.

வடிவும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கோமளம் அன்று சாப்பிடவில்லை. “அடுத்த கப்பல்லயே போயிருவோம்” என்று கணவனிடம் சொன்னாள். மறுநாள் காலை அண்ணன் கடைக்குப் போகாமல் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“செஞ்சது தப்புதான் மக்கா. ஒருத்தருக்கும் தெரியாம வச்சிட்டிருக்கது நெஞ்ச அடைக்கு. நம்ம ஆளுகள்ல ஒருத்தியாவது இதுகளப் பாக்கணும்னு இருந்துது. அதான் ஒன்ன வரச்சொன்னேன்.”

“மைனிக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா? சொன்னா அவ செத்துப்போவா.”

அன்றே கிளம்பியிருக்கலாம். பிள்ளைகளுக்கு அலுப்புத் தீரட்டும் என்று நான்கு நாள் இருந்தார்கள். அப்புறம் கோமளத்துக்குக் காய்ச்சல் வந்தது. அந்தப் பெண், பெயர் சோமாவதி, எட்டு நாள் அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்து, உடம்பு துடைத்துவிட்டு, தலைமாட்டிலேயே இருந்தாள். “நங்கி” என்று கூப்பிட்டாள். தங்கை என்று அதற்கு அர்த்தம் என அண்ணன் சொன்னார்.

காய்ச்சல் விட்ட பிறகு ஊருக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் இரண்டு பெண்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். கன்னியாகுமரி கடல் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அமாவாசைக்கு மூன்று முழுக்குப் போட்டதைத் தவிர கோமளம் அதில் கால் வைத்ததில்லை. இங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். திரும்பி வந்தால் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தட்டில் இருக்கும். உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வந்த நாட்கள் அவள் வாழ்க்கையில் அவைதான். சில ராத்திரிகளில் மைனியின் நினைவு வந்து எழுந்து உட்கார்ந்துகொள்வாள். காலையில் மறந்துவிடும். மறந்துவிட்டதே என்று மத்தியானம் மறுபடி குறுகுறுக்கும். ஏழு வாரம் இப்படிப் போனது.

கிளம்பும்போது அண்ணன் மைனிக்கென்று ஒரு கத்தரிப்பூச் சேலை தந்தார். கடையில் நிறம் பார்த்து எடுத்தது சோமாவதி. அங்கே பார்த்ததை ஊரில் சொல்லக்கூடாது என்று கப்பலிலேயே கோமளம் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஊரில் இறங்கிய அன்றே மைனி வந்துவிட்டாள். சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அங்க யாரு சோறு பொங்கிப் போடுகா?”

“கடையில ஒரு ஆளு நிக்கான் மைனி. அவனே பொங்குவான்.”

“ஆம்பிள பொங்குகதா? பாவம், நாக்கு செத்துல்லா போயிருக்கும்” என்றாள் மைனி.

மைனிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச்சொல்லக் கடிதம் எழுதுவதும், வருகிற பதிலை வாசித்துக் காட்டுவதும் முன்பிருந்தே கோமளத்தின் வேலை. இப்போது அண்ணன் கடிதங்களில் கோமளத்துக்கென்றும் ஓரிரு வரி வந்தது. சோமா உன்னைக் கேட்டாள், சின்னவளுக்குக் காது குத்தியாயிற்று என்று. அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை வாசிப்பாள். மைனி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை, “அடுத்த வருசம் நான் வந்து ரெண்டு மாசம் வாய்க்கு ருசியாப் பொங்கிப் போடுகேன்னு எழுதுட்டி” என்றாள். கோமளம் எழுதினாள். எழுதிவிட்டு, தபாலில் போடாமல் அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு மைனி காப்பி கொடுத்தால்கூட ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தாள்.

மறு வருடம் மாசியில் ஒரு கடிதம் வந்தது. கோமளம் வாசித்துக்கொண்டிருந்தபோது, பத்து வயது வடிவு அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தாள்.

“அத்தே, நடுவுல ரெண்டு வரி விட்டுட்டியளே. சோமான்னா யாரு?”

கோமளம் கடிதத்தை மடித்தாள். மைனி மகளைப் பார்த்து, “நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்றாள். அவள் போனதும், “சொல்லு” என்றாள்.

கோமளம் எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பில் போட்ட கடிதத்தையும் சொன்னாள். மைனி அழவில்லை.

“நீ அங்க எத்தன நாளு இருந்த?”

“ஏழு வாரம்.”

“ஏழு வாரமும் அவ கையாலயா தின்ன?”

“ஆமா மைனி.”

“நல்லாப் பொங்குவாளா?”

கோமளத்துக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. “நல்லாப் பொங்குவா” என்றாள்.

மைனி எழுந்து உள்ளே போனாள். சண்டை போடவில்லை, வீட்டுக்கு வராதே என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ‘ஏட்டி’ என்று அவளைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. “வாங்க, இருங்க, காப்பி குடியுங்க” என்றாள். மடியில் போட்டு வளர்த்தவள் வாயிலிருந்து அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் கோமளத்துக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்றிருக்கும். ஒருநாள் தாங்கமாட்டாமல் காலில் விழுந்தாள்.

“எந்திரிங்க” என்று தூக்கிவிட்டாள் மைனி. “அவரு ஆம்பிள, செஞ்சுட்டாரு. நான் வளத்த பிள்ளல்லா நீங்க.”

கடிதங்களை இனி வடிவே வாசித்தாள், வடிவே எழுதினாள். என்ன எழுதினார்கள் என்று கோமளத்துக்குத் தெரியாது.

அதன்பிறகு ஊர்ப்பக்கமே வராதிருந்த அண்ணன், ஐம்பத்தைந்தில் வடிவு கல்யாணத்துக்குத் தனியாக வந்தார். மைனி அவரை மணமேடையில் தன் பக்கத்தில் நிறுத்தித் தாரை வார்த்தாள். வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பந்தி விசாரித்தாள். பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பிப் போனார். பஸ் ஏற்றிவிட வந்தவள் கோமளம் மட்டும்தான்.

தூரத்து வளைவில் பஸ் திரும்பி வருவது தெரிந்தபோதுதான் கோமளம், தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

“சோமா சுகமா இருக்காளா அண்ணா?”