பெரட்டுக்குப் பதில் சொன்னவர்

மனநோய் வார்டில் பேச்சை மொழிபெயர்ப்பவன் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவான். கணவன் மனைவி சண்டைக்கு நடுவில் அகப்பட்டவர்களுக்கு இந்தத் தொழிலை விளக்க வேண்டியதில்லை.

யார் கூப்பிடுவது?

எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் படித்துவிட்டு ஒரு சீன டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்தோடு நோயாளியிடம் உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்பது அவர் கட்சி. அவருக்குத் தமிழ் தெரியாது. வார்டு ஊழியனான எனக்கு, பழைய பேப்பர்களைப் படித்துப் படித்து வந்த ஆங்கிலம் இருந்தது.

முதல் ஆள் வீரன். கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதும் டவுன் பக்கம் புந்தோங்குக்குக் குடிவந்தார். அங்கே விடியற்காலையில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு வரிசையில் பேர் கூப்பிடும் தோட்டத்துப் பழைய கிராணியின் குரல் அவர் காதில் கேட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஓடும் ரோட்டில் ஓடினார். ஓட்டம் நிற்காமல் வீட்டில் சேர்ப்பதில்லை என்று அவர் மனைவி சரோஜா சொல்லிவிட்டாள். ஜெலாப்பாங் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அவளால் பின்னால் ஓட முடியாது.

அந்தக் குரலைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று டாக்டர் கேட்டார். வீரன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கிராணி கூப்பிட்டா யாருண்ணே நெனச்சிக்கிட்டு நிப்பா? ஓடுறதுதான்லா."

யோசனை

பெரட்டில் பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்பதை டாக்டர் பல வாரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். குரல் நிஜமா பொய்யா என்று அவர் வாதாடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, இன்றைக்கு வரவில்லை என்று கிராணிக்குப் பதில் சொல்லிப் பார்க்கச் சொன்னார்.

வீரன் என்னிடம் திரும்பினார். "தனியா பேசுனா ஊசி போடுறீங்க. இப்ப தனியா பேசுனாத்தான் நல்லாவும்ங்கிறீங்க. மொதல்ல ஊசி போடுறவங்களும் நீங்களும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கண்ணே."

லீவு

மறுநாள் விடிந்ததும் வீரன் உரக்கப் பதில் சொன்னார். தனக்குத்தானே பேசுகிறார் என்று நர்ஸ் மிஸ்ஸி மேலே தெரிவிக்க, வேறொரு டாக்டர் மருந்தைக் கூட்டினார். அடுத்த சந்திப்பில் வீரன் குறட்டை விட்டார். அதை மொழிபெயர்க்க என்னால் ஆகவில்லை.

எங்கள் டாக்டர் விஷயத்தை விளக்கியதும் மருந்து பழைய அளவுக்கு வந்தது. மிஸ்ஸிக்கு மட்டும் ஒரு குறை: "மெதுவா சொல்லச் சொல்லுங்கண்ணே. பக்கத்துக் கட்டில்காரங்களும் லீவு கேக்குறாங்க."

வீடு

சில மாதம் கழித்துச் சரோஜாவை வரவழைத்தார் டாக்டர். குரல் நின்றுவிட்டதா என்று அவள் எதிரிலேயே வீரனைக் கேட்டார். ஆமாம் என்றால் அன்றைக்கே வீடு. கிராணி இன்னும் கூப்பிடுகிறார், 'வரலய்யா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன் என்றார் வீரன். நான் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

சரோஜா வீரனுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாரு. ஃபேக்டரி பஸ்ஸுந்தான் தெனம் என்னை ஹாரன் அடிச்சிக் கூப்பிடுது. ஓடாம இருந்தா போதும், வாங்க போலாம்."

நோயாளியைத் தன் காதில் விழும் குரலுக்குப் பதில் சொல்ல வைப்பதைவிட, அவர் பேச்சை எங்கள் காதில் விழவைக்கத்தான் அந்த வைத்தியத்துக்கு அதிக நாள் பிடித்தது.