பச்சமுத்துவின் பத்து மணி வயிறு

பச்சமுத்துவின் வயிற்றைப் பற்றி விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வேப்பூர் ரோட்டோரக் கடையில் பந்தயம் கட்டிப் பதினெட்டு இட்லி தின்றுவிட்டு, சாம்பார் வீணாகப் போகிறதே என்று இன்னும் இரண்டு வாங்கியவர். எட்டு வருஷம் சூளையில் சரக்கு அடுக்கினார். வயிற்றுவலி என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை.

1967 மார்கழி மாதம் அவரைச் செக்கர் ஆக்கினார்கள். வெந்து இறங்கும், கரண்டு பியூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் உள்ளே விரிசல், குப்பைக்குப் போகும். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மனைவி கொளஞ்சியம்மாள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் மாணிக்கவேல் செய்த கட்டைகள் வந்தன. மாணிக்கவேல், கொளஞ்சியம்மாளின் அண்ணன். களிமண்ணை அச்சில் அழுத்துவதில் அவருக்கு நிகர் இல்லை என்பது எல்லோருடைய அபிப்பிராயம், முக்கியமாக அவருடையது. பச்சமுத்து தட்டினார். மொத். அடுத்ததும் மொத். அன்றைக்கு நாற்பது கட்டைகள் குப்பைக்குப் போயின. மாணிக்கவேல் டீ குடிக்க வேறு பெஞ்சுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை பிடித்தது. பத்து மணிக்கு மாணிக்கவேலின் கட்டைகள் அடுக்கிய பலகை மேஜைக்கு வந்ததும் பச்சமுத்துவின் வயிற்றுக்குள் யாரோ துணி பிழிந்தார்கள். குச்சியைப் போட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓடினார். அதன்பிறகு தினமும் அதே நேரம், அதே ஓட்டம்.

ஓமத் தண்ணீர் குடித்தார். பெருங்காய மோர் குடித்தார். இட்லி இரண்டாகச் சுருங்கியது. கொளஞ்சியம்மாள் பயந்துபோய், "மணவாளநல்லூர் கோயில்ல சாமிகிட்ட பிராது எழுதிக் கட்டிடலாங்க" என்றாள்.

"யார் மேல கட்டுவ?"

"அதாங்க தெரியல."

"வயித்து மேல கட்டு. அதான எனக்கு எதிரி."

கடைசியில் கடைத்தெருவில் வைத்தியம் பார்த்த டாக்டரம்மா பெரியநாயகியிடம் போனார்கள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மலம், ரத்தம் எல்லாம் சோதித்தார். புண்ணும் இல்லை, பூச்சியும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வலிக்குதா?"

பச்சமுத்து யோசித்தார். "இல்லீங்க."

"பொங்கலுக்கு நாலு நாள் லீவு வுட்டாங்களே, அப்ப?"

"அப்ப கறி தின்னாருங்க. மூணு தரம் கேட்டு வாங்கித் தின்னாரு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

பச்சமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வலிக்கிற மாதிரி நடிக்கறேன்னு சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? வலி நெசம். ஆனா மனசுல இருக்கறது வயித்துலயும் தெரியும். இந்தம்மாவப் பொண்ணு பார்க்கப் போனீங்களே, அன்னிக்கு வயிறு எப்படி இருந்தது?"

கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு மாப்பிள்ளை மூன்று தடவை கொல்லைப்பக்கம் போனதை அவர்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பத்து மணிக்கு யாரப் பார்க்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது, பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "மச்சானத்தாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சமுத்து, மாணிக்கவேல் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனவர், வாசலில் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். அவருக்குப் பதிலாக வயிறு பேசியது, உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

மாணிக்கவேலின் மனைவி அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "வாங்கண்ணே. உங்களுக்குமா? இவருக்கும் ஒரு மாசமா இதே கூத்துதான். நீங்க குச்சிய எடுத்தாலே கலக்குதாம்."

"அவள எவன் கேட்டான்?" என்று கத்திக்கொண்டே மாணிக்கவேல் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஓமத் தண்ணீர் டம்ளர் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்பதில் பின்னால் தகராறு உண்டு.

"உன் கைய நான் குத்தம் சொல்லல மச்சான். எனக்குத் தட்டத்தான் தெரியும். நாளைக்கு நீயே வந்து தட்டேன்."

திங்கட்கிழமை மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு மாணிக்கவேல் வந்து உட்கார்ந்தார். தன் கட்டைகளைத் தானே தட்டினார். நாற்பத்தெட்டைத் தூக்கிப் போட்டார். "நீ எளகின மனசுக்காரன் மாப்ள, இதுல எட்ட நல்லதுன்னு வுட்டிருப்ப" என்றார். பிறகு அச்சைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு மூலை தேய்ந்து போயிருந்தது. அச்சு மாறியதும் விரிசல் குறைந்தது.

வயிறு உடனே அடங்கிவிடவில்லை. ஒரு மாதம் போல முணுமுணுத்துவிட்டு மெல்ல ஓய்ந்தது. அதன்பிறகு அவர் முகம் சுளித்தால், என்ன தின்றீர்கள் என்று கொளஞ்சியம்மாள் கேட்பதில்லை; "யாரு கூட என்ன?" என்றுதான் கேட்பாள்.

1974இல் புது மேனேஜர் வந்தார். கடந்து போகும்போது பச்சமுத்துவை ஒரு முறை முறைத்தார். நாலு நாள் வயிறு கலங்கியது. ஐந்தாம் நாள் பச்சமுத்து நேராக அவர் அறைக்குள் போய், "ஐயா, எம் மேல ஏதாச்சும் கோவங்களா?" என்று கேட்டுவிட்டார்.

மேனேஜர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாருப்பா நீ?"

அன்று மத்தியானம் பச்சமுத்து இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டார்.