சாம்பல் கோட்டுக்கு வெளியே

விழுப்புரம் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்த கண்ணையனுக்கு வீட்டில்கூடக் காப்டன் என்றுதான் பெயர். மனைவி அம்சவள்ளியே, “காப்டன் வந்தாச்சா, சோறு போடலாமா?” என்பாள். ஷெட்டின் சடுகுடு டீமைச் சேர்த்தவர் அவர். என்ஜின் சாம்பலை அள்ளிக்கொண்டுபோய் மைதானத்தில் கோடு போடுவதும் அவர்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் டீமில் விரிசல் விழுந்தது. ஃபயர்மேன் துரைக்கண்ணு கரி போட்டுக்கொண்டு போன வண்டி, நீராவி போதாமல் மயிலத்தில் நின்றுவிட்டது. ஷெட்டில் சாம்பலைச் சரியாக வாரவில்லை என்று அவன் கிளீனர் பச்சைமுத்துவைக் கைகாட்டினான். பச்சைமுத்துவுக்கு மெமோ வந்தது. டீமின் சிறந்த ஆட்டக்காரர்கள் அந்த இருவரும்தான். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

திண்டிவனத்தில் போட்டி வந்தது. “ரெண்டு பேரையும் ஒண்ணா எறக்கு. முடியலன்னா சொல்லு, வேற காப்டனப் பாத்துக்கறேன்” என்றார் போர்மேன்.

கண்ணையன் முதலில் துரைக்கண்ணுவைப் பிடித்தார்.

“வர்றேண்ணே. ஆனா அவுட்டாயி வெளிய குந்திக்கினு இருக்கும்போது, ஒரு கிளீனர எனக்கு முன்னாடி எழுப்பினா இன்னா மரியாதை?”

எதிராளி ஒருவனைப் பிடித்தால், அவுட்டாகி உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவனுக்கு உயிர் கிடைக்கும். யாருக்கு என்று காப்டன் பெயர் சொல்லி எழுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம்.

“மொதல்ல உன்னத்தாம்பா எழுப்புவேன்” என்றார்.

பச்சைமுத்து கரிமேட்டுக்குப் பின்னால் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். “மெமோ வாங்கிக் குடுத்தவன் எழுந்து போவான், நான் வேடிக்கை பாக்கணுமா? பேஜாரு பண்ணாத காப்டன்.”

“நீதான் மொதல்ல. போதுமா?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எங்கே அவுட்டாகப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திண்டிவனத்தில் ஆனார்கள். கடைசி நேரத்தில் ஷெட் டீமின் சீனுவாசன் எதிராளியின் கணுக்காலைக் கவ்விப் பிடிக்க, ஓர் உயிர் கிடைத்தது. கண்ணையன் திரும்பினார். கோட்டுக்கு வெளியே இருவரும் முட்டியில் கையூன்றி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேரச் சொல்லுய்யா, ஜல்தி!” என்றார் நடுவர்.

“காப்டனுக்குப் பேரு மறந்துபோச்சிடோய்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

“வா” என்றார் கண்ணையன். இருவரும் எழுந்து உள்ளே வந்தார்கள். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பி, கிடைத்த உயிரையும் ரத்து செய்தார். ஆட்டம் போயிற்று.

திரும்பும் ரயிலில் மயிலம் தாண்டியதும் பச்சைமுத்து துரைக்கண்ணுவிடம் கேட்டான்:

“உன்னாண்ட இன்னா சொன்னாரு?”

“என்னத்தான் மொதல்ல எழுப்புவேன்னாரு.”

“என்னாண்டயும் அதேதான்.”

துரைக்கண்ணு சிரித்துவிட்டு, மடியிலிருந்த மல்லாட்டைக் கடலையை அவன் பக்கம் நீட்டினான்.

இதற்குத்தான் கண்ணையன் இத்தனை நாள் அலைந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நான் இன்னா நெனச்சேன்னா…” என்று ஆரம்பித்தார்.

“உடுங்கண்ணே” என்றான் பச்சைமுத்து. எப்போதும் காப்டன் என்று கூப்பிடுகிறவன்.

போர்மேனிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். சீனுவாசன் காப்டனானான். அடுத்த ஆட்டத்தன்றும் கோடு போடக் கண்ணையனைத்தான் கூப்பிட்டார்கள். போட்டு முடித்ததும், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே” என்றார்கள்.

வீட்டுக்கு இன்னும் தெரியாது. கையில் ஒட்டிய சாம்பலோடு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

“காப்டன் வந்தாச்சா?”

“ம்” என்றார்.