திரும்பி வந்த உலர் உணவுப் பொதி

போன வருடம் கச்சான் காற்று பலமாக அடித்த மாதம் அது. கற்பிட்டிப் பக்கம் எங்கள் கரையில் மூன்று கிழமையாக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. இஸ்ரேலில் ஆறு வருடம் ஒரு வயதான யூத அம்மாவைப் பராமரிக்கும் வேலை செய்துவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த நேரம். கையில் கொஞ்சம் காசு இருந்தது. தலைக்கனமும் இருந்தது.

இல்லாத குடும்பங்களுக்கென்று அரிசி, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் வைத்து உலர் உணவுப் பொதிகள் கட்டினேன். எங்கள் ஊரில் பொதி கொடுத்தால் படம் எடுக்காமல் விடமாட்டார்கள். நானும் விடவில்லை. எல்லாரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, கொடுக்கக் கொடுக்கப் படம் எடுப்பித்து, பேஸ்புக்கில் போட்டேன். பக்கத்து வளவில் இருக்கும் என் பள்ளித் தோழியும் வரிசையில் நின்றாள். படம் எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நாடியைப் பிடித்து நிமிர்த்தியது நான்தான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த யூத அம்மா ஒவ்வொரு பாஸ்கா பெருநாளுக்கு முன்பும் பெருநாள் சாமான்களை ஒரு பெட்டியில் அடுக்கி, மேல்மாடியில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்கு என்னிடம் கொடுத்தனுப்புவார். பெட்டியை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, அவர்கள் திறக்க முன்பே நான் இறங்கிவிட வேண்டும். இல்லாதவர்களும் பெருநாள் கொண்டாட உதவுவது தங்கள் கடமை, ஆனால் வாங்குகிறவர் வெட்கப்படக் கூடாது என்பார். கள்ளன் மாதிரி எதற்கு இந்த ஓட்டம் என்று எனக்குள் சிரித்திருக்கிறேன்.

படம் போட்ட மூன்றாம் நாள் தோழி பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மூத்த மகளிடம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தை போனில் காட்டிச் சிரித்தார்களாம். இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பிள்ளை படுத்துவிட்டதாம். உடனே படங்களை அழித்தேன். அதற்குள் அவை எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டிருந்தன.

பொதியைப் பிரித்துப் பார்த்தேன். அரிசியும் பருப்பும் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தன. பால்மா மட்டும் நான் வாங்கிய கம்பனி இல்லை.

"அதைச் சின்னவனுக்குக் கரைச்சுக் குடுத்திட்டன். அதான் வேறை வாங்கி வச்சிருக்கன்," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

யார் யாரையோ விட்டுக் கதைத்தும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பவில்லை. இப்போது கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறாள். ஒரு கிழமைச் சாப்பாட்டைக் கொடுத்து அவளுடைய படிப்பைப் பறித்தவள் நான் என்ற நினைப்பு, யாருக்கு ஒரு பிடி அரிசி அள்ளினாலும் முன்னால் வந்து நிற்கிறது.