பெல்ட்டை அறுத்தவனின் அண்ணன்

அரியலூர் பஸ் பெரம்பலூரில் வந்து நின்றதும் கண்டக்டர் நேராக என் கொட்டகைக்கு ஓடி வந்தான். நான் ஊர் ஊராகப் படம் காட்டுகிறவன். அன்று கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்க வந்து நின்றவன், "பாய், ஒங்க வேலாயுதம் அண்ணன் போயிட்டாருங்க. மோட்டார் வெடிச்சு நெஞ்சுல அடிச்சிருச்சு. தம்பிகாரன்தான் பெல்ட்ட அறுத்தானாம். அவனப் புளியமரத்துல கட்டி வெச்சிருக்காங்க, உசுரோட வுட மாட்டாங்கன்னு பேச்சு" என்றான்.

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொல்லியது. கை அதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டது. அதே பஸ் திரும்பும்போது கடப்பாரையோடு ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். மற்றவர்கள் அந்தத் தம்பி ராமலிங்கத்தை அடித்து முடித்துவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், என் பங்குக்கு ஒரு அடியாவது விழ வேண்டும் என்பதுதான் வழியெல்லாம் என் கவலையாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலாயுதம் அவர்கள் அரியலூரில் நெல் மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தவர். பழைய மோட்டார்களை, ஊரார் பழைய இரும்பு என்று ஒதுக்கியவற்றை, எடுத்துப் பிரித்து உயிர் கொடுத்து, ரம்பம் ஓட்டுவார், துளை போடுவார், சாணை பிடிப்பார். நாற்பது வயதைத் தொடவில்லை. அவரைச் சாது, பொறுமைசாலி என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன். கை நீட்டாமல் பேசத் தெரியாத மனிதர் அவர். எங்கள் அறிமுகமே கன்னத்தில் விழுந்த ஒரு அறையில்தான் ஆரம்பித்தது.

யுத்த காலம். பெரம்பலூரில் மாலைக் காட்சி, கூட்டம் நெரிகிறது. படத்தில் கதாநாயகன் வாளை உருவும் நேரம் பார்த்து விளக்கு மங்கி, துடித்து, அணைந்தது. எஞ்சின் ஓடுகிறது, டைனமோ சுற்றுகிறது, கரண்ட் மட்டும் வரவில்லை. அவ்வளவுதான், ஊரே எழுந்துவிட்டது. பெஞ்சு பறக்கிறது, திரை கிழிகிறது, "கொட்டாயக் கொளுத்துங்கடா" என்று ஒரு குரல் கேட்கிறது. படத் தொழில் ஹராம் என்று எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். டைனமோவின் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "எவன்யா இதுல எண்ணெ ஊத்துனது?"

"நான்தாங்க. சத்தம் வந்துச்சு..."

பளார் என்று விழுந்தது. என்னைப் பெற்றவர்கூட அப்படி அறைந்ததில்லை. "கரிக்கட்ட ஒரசுற செம்புப் பட்டையில எண்ணெ ஊத்துனா அப்புறம் கரண்டு எப்புடிய்யா வரும்? இதென்ன மாட்டு வண்டி அச்சா?" என்று கத்திக்கொண்டே பட்டையை வேட்டித் தலைப்பால் துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு கல் அவர் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் டைனமோவில் சொட்டாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வேலையை முடித்தார். விளக்கு எரிந்தது. பிறகு வெளியே போய், கல் எறிந்தவனைப் பிடித்துக் கையை முறுக்கி, இழுத்து வந்து, பக்கத்தில் உட்காரவைத்துப் படம் முடியும்வரை பார்க்கவைத்தார். மறுநாள் நான் அரியலூருக்குப் போய் அவர் பட்டறையில் நின்றேன். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. "வலிக்குதா பாய்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

யுத்தம் முடிந்ததும் ராணுவச் சாமான்களைத் திருச்சிப் பக்கம் குவித்து ஏலம் போட்டார்கள். இருவரும் போனோம். மழையில் ஊறிக் கிடந்த குவியலில், பாரம் தூக்கும் பொறியிலிருந்து கழற்றிய பெரிய மோட்டார் ஒன்று இருந்தது. அதை ஏலம் எடுத்திருந்த ஆள் செம்புக்காகச் சம்மட்டியால் உடைக்கத் தொடங்கியிருந்தான். இவர் பாய்ந்து சம்மட்டியைப் பிடித்தார்.

"செம்புக்காக ஒடைக்கிறியே, புள்ளயக் கொன்னு கொலுச எடுக்குற மாரி! நீ வெளங்குவியாடா?"

அவன் ஆட்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் சங்கிலியால் வீசினான். நானும் இறங்கினேன். என் தொப்பி போயிற்று, முன்பல் ஒன்று போயிற்று. அவருக்கு விலா எலும்பில் விரிசல் விழுந்தது. கடைசியில் செம்பின் விலைக்கு மேல் போட்டுக் கொடுத்து மோட்டாரை வண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு, மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூக்கை வைத்து முகர்ந்து, "கருகுன வாட இல்ல பாய். உள்ள ஈரந்தான். பொழச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், முதலில் நீர் பிழைத்துக்கொள்ளும் ஐயா என்றேன்.

நெல் அவிக்கும் அடுப்புச் சூட்டில் வைத்து அதன் ஈரத்தைப் போக்கினார். பிறகு பாட்டரியும் சின்ன பல்பும் கம்பியும் வைத்துக்கொண்டு, எந்தச் சுருளில் இழை அறுந்திருக்கிறது, எது இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். செம்புப் பட்டைகளுக்கு நடுவே அடைந்திருந்த கரித்தூளை ஊசியால் கெல்லி எடுத்தார். அந்தப் பட்டைகளில் உரசுகிற கரிக்கட்டை கடையில் கிடைக்கவில்லை. என் படப்பொறி விளக்கில் எரிந்து மிஞ்சும் கரித்துண்டுகளை வாங்கித் தேய்த்து அளவாக்கிப் போட்டார். மில்லின் எஞ்சினோடு விளக்குக்காக ஒரு டைனமோ உண்டு. மில்லின் பழுதுகளை இவர் பார்த்துக்கொள்ள, பகலில் அந்தக் கரண்ட் இவருக்கு. மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தபோது சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். இவர் மட்டும் விலாக்கட்டோடு குதித்தார்.

ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரு குணம் இருந்தது. பாரம் இழுக்கும்வரைதான் அடங்கும். பாரம் போய்விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத் தானே பிய்த்து எறிந்துவிடும். சுருளை மாற்றிச் சுற்றினால் அந்தக் குணம் போகும் என்றார். அதற்கான மெல்லிய கம்பி எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே அது ஓட்டிய வட்ட ரம்பத்தின் தண்டிலேயே ஒரு பெரிய மரவிசிறியையும் மாட்டினார். ரம்பம் சும்மா சுற்றினாலும் விசிறி காற்றைத் தள்ளும், பாரம் இருந்துகொண்டே இருக்கும். மோட்டாருக்கும் அந்தத் தண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தோல் பெல்ட். "மொதல்ல சுவிட்சு, அப்பறந்தான் பெல்ட்டு. மாத்திச் செஞ்சவன் செத்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மிரட்டுவார்.

இனி அந்தத் தம்பியைப் பற்றி. மரியாதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ராமலிங்கம், அவருடைய ஒரே உடன்பிறப்பு. பட்டறை நின்ற இடம் பாகம் பிரிக்காத பூர்வீக மனை. அதைக் கடலைக்காய் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட வேண்டும், கொட்டகையைப் பிய்த்து எறிய வேண்டும் என்பது அவன் பிடிவாதம். இவர் அசையவில்லை. பொங்கலன்று களத்துமேட்டில் வைத்து அவன் சாட்டைக்கம்பால் இவர் முதுகைப் பிளந்தான். இவர் திரும்பி விட்ட குத்தில் அவன் வாய் கிழிந்தது. அன்று சாயங்காலமே அவன் வாசலில் போய் நின்று, "பல்லு ஆடுதாடா?" என்று கேட்டிருக்கிறார். அவன் சோற்றுப்பானையைத் தூக்கி எறிந்தான். தலையில் சோற்றுப் பருக்கையோடு வீடு திரும்பியவரைப் பார்த்து நான் கொதித்துப் போனேன்.

"அந்த நாய ஒதுக்கி வுடுங்க. ஒங்களுக்கு மானம் இல்லியா?"

"ஆத்தா செத்தப்ப அவன் இடுப்புக் கொழந்த பாய். நான்தான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன அடிக்கிறதா இருந்தாலும் நான்தான் அடிப்பேன். நீங்க நாயின்னு சொல்லாதீங்க" என்றார். சொன்ன முகத்தில் கோபம் இருந்தது, என் மேல்தான்.

நடந்ததை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி சிவகாமி அம்மாள். முன்பகல் வேளை. இவர் ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். ராமலிங்கம் அரிவாளோடு உள்ளே வந்தான். "இன்னியோட இந்த மிஷினு சோலி முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற பெல்ட்டில் ஓங்கி வெட்டினான். நெல் மில்லில் பெல்ட் கழன்றால் அரவை நின்றுபோகும், எஞ்சின் பாட்டுக்கு ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெல்ட் அதுதான். அறுத்தால் அடங்கிவிடும் என்றுதான் அந்த மடையனும் நினைத்தான். ரம்பம் நின்றது. அவன் சிரித்தான். அவன் காலடியில் மோட்டார் கிறீச்சிட ஆரம்பித்தது.

"படுடா! கீழ படு!" என்று அலறிக்கொண்டு இவர் பாய்ந்தார். அண்ணன் அடிக்க வருகிறார் என்று நினைத்து அவன் அரிவாளை வீசினான். தோளில் வெட்டு விழுந்தது. வெட்டோடு அவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் தள்ளிவிட்டு, எதிர்ச் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்து ஓடினார். பாதிதான் போயிருப்பார். பெல்ட் ஓடிய மோட்டாரின் இரும்புச் சக்கரம் வெடித்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. ஒரு துண்டு அவர் நெஞ்சில் இறங்கியது. சுருள் கம்பிகள் அறுந்து கொட்டகையெல்லாம் சவுக்காக வீசிய பிறகுதான் மோட்டார் சிக்கி நின்றது.

சிவகாமி அம்மாள் ஓடிப் போய்த் தலையை மடியில் எடுத்தபோது உயிர் இருந்தது. "அவனுக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றார் அம்மாள். "மடப்பய... பெல்ட்டையா அறுக்குறது" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் புளியமரத்தில் கட்டுண்டு கிடந்தான். முகம் முகமாக இல்லை. உறவுமுறைக்காரர்கள் மாற்றி மாற்றி அடித்துக் களைத்திருந்தார்கள். கூட்டம் எனக்கு வழிவிட்டது. கையால் இரண்டு கொடுத்தேன், அது போதவில்லை. கடப்பாரையை ஓங்கினேன். அதற்காக இப்போதும் எனக்கு வருத்தமில்லை.

குறுக்கே வந்து நின்றவர் சிவகாமி அம்மாள். புடவையெல்லாம் ரத்தம்.

"நிறுத்துங்கண்ணே. இவன எனக்கு மட்டும் புடிச்சா இருக்கு? கொன்னு போடணும்னு எனக்கும் கை துடிக்குது. ஆனா அவரு தன் உசுரக் குடுத்துல்ல இந்த உசுரக் காப்பாத்துனாரு. நீங்க இதையும் அடிச்சுக் கொன்னீங்கன்னா, அவரு எதுக்குச் செத்தாரு? சொல்லுங்க. எதுக்குச் செத்தாரு?"

ஓங்கிய கடப்பாரையை இறக்கினேன். அம்மாள் தானே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார். "எங்களுக்குப் புள்ள இல்ல. கொள்ளி இவன்தான் வெக்கணும். போயி குளிச்சிட்டு வாடா" என்றார். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாள் ஒரு பார்வை பார்த்தார், முணுமுணுப்பு நின்றுவிட்டது. போலீஸ் வந்து விசாரித்துப் போனது. அது அவர்கள் காரியம்.

சுடுகாட்டுக்கு நானும் போனேன். ராமலிங்கம் தோளில் நீர்ப்பானையோடு சிதையைச் சுற்றி வந்தான். கயிறு கட்டிய தடம் இரண்டு கையிலும் தோலுரிந்து கிடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்தவர் அரிவாள் மூக்கால் பானையைக் கொத்தும்போது அவன் உடம்பு தூக்கிப் போட்டது. கிழிந்த வாயால் "அண்ணே" என்று ஒரு தரம்தான் சொன்னான். முதுகைக் காட்டிக்கொண்டு கொள்ளி வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது இவர்கள் வழக்கம். நாலடி நடந்தான், நின்றான், கழுத்து திரும்பத் தொடங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை, அவனோடு நடக்க யாரும் விரும்பவில்லை. நான்தான் போய் அவன் பிடரியைப் பிடித்தேன். நசுக்கிவிடுகிற பிடிதான் அது. தலையை முன்பக்கமாகத் திருப்பி, "பாக்காதடா, நட" என்றேன். பிடித்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

வேலாயுதம் அவர்களே, உங்கள் தம்பியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. என் ஆத்திரம் ஆறாது. ஆனால் அவனை அதற்கு மேல் அடிபடாமல் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.