சுலோஜனா டீச்சரும் முப்பத்துநாலாம் பக்கமும்

பாதை என்று அங்கே சொல்லும் இஞ்சின் மிதவை அக்கரையைத் தொட்டது. மோட்டார் சைக்கிள்கள் இறங்கின. நெல் மூட்டையோடு இரண்டு பேர் ஏறினார்கள். இஞ்சின் மறுபடியும் இரைந்தது, அந்த இரும்புத் தட்டு வாவியில் மெதுவாகத் திரும்பியது. இவ்வளவும் நடந்தபோது சுலோஜனா டீச்சர் ஓரத்துப் பலகையில் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி.

வெயில் முகத்தில் சுட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். காலையில் மேற்கே படுவான்கரைக்குப் போகிறவர்களுக்கு வெயில் முதுகில் அடிக்கும். முகத்தில் அடித்தால் வீட்டுப் பக்கம் போகிறோம் என்று அர்த்தம்.

பாதை ஓட்டும் வினாயகமூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், இண்டைக்குப் பள்ளிக்கூடம் லீவா?"

லீவில்லை. அக்கரையில் முன்பள்ளியின் பூட்டிய கேட்டுக்கு வெளியே இருபத்தெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். டீச்சர் மறுபடி கடந்து போய்ச் சேர நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. அதற்குள் ஒரு தாய் சங்கத் தலைவருக்குப் போன் போட்டுவிட்டார்.

வேறொரு வருடமென்றால் அந்தப் போன் பெரிய விஷயமில்லை. முன்பள்ளியை நடத்தும் அந்த ஊர்ச் சங்கம் மூன்று மாதத்துக்கு முன்புதான் தீர்மானம் எடுத்திருந்தது: தைப்பொங்கலுக்குப் பிறகு டிப்ளோமா முடித்தவர்தான் வகுப்புக்குப் பொறுப்பு, முடிக்காதவர் உதவியாசிரியை. தேற்றாத்தீவிலிருந்து பதினேழு வருடமாக வாவி கடந்து போய், அந்த ஊரில் பாதிப் பேருக்கு 'அ' எழுதக் கை பிடித்துக்கொடுத்தவர் சுலோஜனா. இனி அதே வகுப்பில் ஒரு மூலையில் நின்று பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட வேண்டும். டிப்ளோமாவில் அவருக்கு ஒரேயொரு பாடம்தான் மிச்சம், குழந்தை உளவியல். முதல் தடவை முப்பத்தொன்று, அடுத்த தடவை முப்பத்துநாலு. நாற்பது எடுத்தால் சித்தி, அதாவது பாஸ். கார்த்திகையில் கடைசிச் சந்தர்ப்பம்.

பாடம் விளங்காமல் இல்லை. படிக்க உட்கார்ந்தால் மனம் உட்காராது, அவ்வளவுதான். கண் முதல் வரியில் ஏறும். நாலாவது வரியில் மனம் எழுந்து வெளியே போய்விடும். தண்ணீர்த் தாங்கியின் பைப்பைப் பூட்டினேனா? வகுப்புப் பிள்ளை யதுர்ஷனின் தாய்க்குக் காய்ச்சல் விட்டதா? மதியத்துக்கு எடுத்த செல்வன் மீனைப் பொரிக்கிறதா, சொதி வைக்கிறதா? கண்கள் மட்டும் நாள் கூலிக்கு நின்ற ஆளைப்போல வரி வரியாக இறங்கிக் கடைசி வரை போகும். கை பக்கத்தையும் புரட்டிவிடும். புரட்டிய பிறகுதான் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று தெரியும். பிறகு திரும்பவும் முப்பத்துநாலாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் கவனம் என்ற அதிகாரம் தொடங்குகிறது. குழந்தையின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும், எதனால் சிதறும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தாண்ட முடியாமல் அவர் ஆறு வாரமாக அங்கேயே நின்றார். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசச் சொல்லிப் பேனா கொடுத்தாள் உயர்தரம் படிக்கும் மகள் ஆர்த்திகா. வாசித்ததற்கு அடையாளமாக டீச்சர் எல்லா வரிக்கும் பூசினார். மகள் அந்தப் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது கோயில்ல மஞ்சள் குளிச்ச மாதிரி இரிக்கி. விட்ட வரி எது?"

வீட்டில் சரிவராததால்தான் பாதையில் படிக்கத் தொடங்கினார். அங்கே அடுப்பு இல்லை, மகள் இல்லை. நீர்க்காகம் இருந்தது, வீச்சுவலை இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் இருந்தது.

இறங்காமல் திரும்பி வந்த அந்தக் கதை ஒரு வாரம் பேச்சாக ஓடியது. டீச்சர் ஏறினால் யாராவது ஒருவர், இறங்குமிடம் வந்தால் தட்டி எழுப்பவா என்று கேட்டார்கள். வினாயகமூர்த்தியும் விடவில்லை. ஒருநாள் நடுவாவியில் இஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"டீச்சர், இவ்வளவு நாளாப் படிக்கிறீங்க. அந்தப் புத்தகத்துல என்னதான் கிடக்கு? ஒண்டு செல்லுங்க பாப்பம்."

டீச்சர் வாயைத் திறந்தார். ஒரு வரிகூட வரவில்லை. பாதையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வாவிக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது.

அன்று வகுப்பில் நரிக்கதை சொன்னார். கதை முடிந்ததும் வழக்கம்போல, திருப்பிச் சொல்லுங்க என்றார். பதினேழு வருடமாக அவர் வகுப்பில் அதுதான் முறை. கேட்ட கதையைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் விளையாட்டு. யதுர்ஷன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவர் ஒருநாளும் ஏசியதில்லை. தோளில் ஒரு விரலை வைப்பார், அவன் திரும்புவான், கதை விட்ட இடத்திலிருந்து போகும். அன்றும் விரலை வைத்தார். வைத்தபோது வினாயகமூர்த்தியின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவரைத் தவிர தன்னிடம் யாரும் ஒரு வரியையும் திருப்பிக் கேட்டதில்லையே என்று யோசித்தார்.

மறுநாள் பாதையில் அரைப் பக்கம் மட்டும் படித்தார். மனம் இரண்டு தடவை ஓடியது. கரைக்குக் கிட்ட வந்ததும் எழுந்துபோய் வினாயகமூர்த்தியின் பக்கத்தில் நின்று, நாலு வயதுப் பிள்ளை ஒரு வேலையில் எட்டு நிமிடம், பத்து நிமிடம் கவனமாக இருந்தாலே போதுமாம் என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டவர் வினாயகமூர்த்தியில்லை, காத்தான்குடி ஆதம்பாவா. மோட்டார் சைக்கிளின் பின்னால் சாரி மூட்டையைக் கட்டிக்கொண்டு படுவான்கரை ஊர்களுக்குப் போகிற புடவை வியாபாரி அவர்.

"அப்ப என்ட பேரன் சரிதானே. அவன்ட உம்மா சும்மா அடிக்கா. ஏன் டீச்சர், எங்கள மாதிரி ஆக்களுக்கு எத்தின நிமிஷம்?"

"உங்களுக்குச் சாரி விரிக்கிற வீட்டுல தேத்தண்ணி வாற வரைக்கும்" என்றார் வினாயகமூர்த்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்களுக்கு எத்தனை நிமிடம் என்று டீச்சருக்குத் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். சொன்ன வாக்குக்காக அன்று பின்னேரம் முப்பத்தைந்தாம் பக்கத்தைப் படித்தார். அங்கேயும் பதில் இல்லை, முப்பத்தாறுக்குப் போனார். ஆறு வாரத்தில் தாண்டாத இடத்தை ஒரு புடவை வியாபாரியின் கேள்வி தாண்டவைத்தது.

அதன்பிறகு பாதையில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. போகும்போது படிப்பார், கரை வருவதற்கு முன் சொல்வார். சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் மனம் முன்னைப்போல் ஓடுவதில்லை. ஓடினாலும் எங்கே விட்டது என்று தெரிந்து திரும்பி வந்தது. ஆதம்பாவா ஒவ்வொன்றையும் பேரனில் வைத்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். பொய் சொல்லும் பிள்ளை, விரல் சூப்பும் பிள்ளை, தம்பி பிறந்ததும் படுக்கை நனைக்கும் பிள்ளை என்று அதிகாரங்கள் போயின. மூட்டைக்காரர்களும் காது கொடுத்தார்கள். ஒருநாள் டீச்சர் வரவில்லை, மழை. அடுத்த நாள் முந்திய பாடத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

கார்த்திகை மாதம் பட்டினத்தில் பரீட்சை. மூன்றாம் கேள்வியில் மனம் போயே விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மின்கம்பியில் காகம் இருந்தது, அது எப்போது பறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. பழைய சுலோஜனாவென்றால் பதறி மிச்சத்தையும் கெடுத்திருப்பார். இப்போது இடது தோளில் தானே ஒரு விரலை வைத்தார். மேற்பார்வையாளர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். கேள்வியை ஆதம்பாவா கேட்பதுபோல நினைத்துக்கொண்டு எழுதினார். பிள்ளை ஏன் ஒரு இடத்தில் இருக்கிறானில்லை என்பதற்கு மூன்று பக்கம் போனது.

பொங்கலுக்கு ஆறு நாள் இருக்க, பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது பெறுபேறு போனுக்கு வந்தது. பாதை நடுவாவியில் நின்றாற்போல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு, சித்தி. அவர் அதை ஒரு தடவை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது அவருக்குப் பழகிய வேலைதான், இந்தத் தடவை ஒவ்வொரு முறையும் உள்ளே போனது. முதலில் ஆர்த்திகாவுக்கும் பிறகு சங்கத் தலைவருக்கும் அனுப்பினார். தலைவர் கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பி, பொறுப்பு உங்களுடையதுதான் என்று எழுதினார்.

பாதை வீட்டுப் பக்கத்து எழுவான்கரையைத் தொட்டது. ஆட்கள் இறங்கினார்கள், வேறு ஆட்கள் ஏறினார்கள். டீச்சர் பலகையை விட்டு எழும்பவில்லை. வினாயகமூர்த்தி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"டீச்சர், கரை வந்திட்டு."

"தெரியும் அண்ணன். பாஸாகிட்டன். ஒருக்காப் போயிட்டு வாறன்."

வினாயகமூர்த்தி கயிற்றை அவிழ்த்துவிட்டு இஞ்சினைப் போட்டார். படுவான்கரைப் பக்கம் சாய்ந்த பின்னேர வெயில் நேரே டீச்சரின் முகத்தில் அடித்தது. அவர் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.